தம்பிக்கு, உன் பட்டியல் கிடைத்தது

முள்ளியவளை
ஆனி 12

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இருக்க வற்றாப்பளை அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

நீ அக்காவுக்கு அனுப்பிய புத்தகப் பட்டியல் என் கைக்கு வந்துவிட்டது. யாழ்ப்பாணம் போகிறபோது கடைகளில் கிடைப்பதை வாங்கி வைக்கச் சொன்னாயாம். அக்காவின் போனில் பார்த்தால் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. அக்காவின் சின்னவளைக் கூட்டிக்கொண்டு தண்ணீரூற்றுச் சந்திக்குப் போய்க் கொமினிகேஷன் கடையில் அச்செடுத்தேன். பதினேழு தாள். நாலு நாளாக அதோடுதான் இருக்கிறேன்.

இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று சின்னவள் சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டேன். அப்படி அனுப்பினால் அக்கா வீட்டில் எல்லோரும் வாசிப்பார்கள். தபாலில் போடுகிறேன், சுணங்கினாலும் பரவாயில்லை. போனில் உன்னோடு கதைக்க முடியவில்லை. நான் எதைச் சொன்னாலும் "ம்ம், சரி அம்மா, பிறகு எடுக்கிறேன்" என்கிறாய். தைப்பொங்கலுக்குப் பிறகு நீயாக எடுத்தது இரண்டே தரம். குறையாகச் சொல்லவில்லை. உனக்கும் வேலை இருக்கும்.

பட்டியலுக்கு வருகிறேன். மொத்தம் 643 புத்தகம். வாசித்ததற்கு நீ சரி அடையாளம் போட்டிருக்கிறாய், அது 31. ஒரே புத்தகத்தை இரண்டு தரம், மூன்று தரம் எழுதியதில் மேலதிகமாக வந்தது பத்தொன்பது. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தேன். மிச்சம் 593. நூலகத்தில் நாங்கள் கொடுக்கிற மாதிரி ஒன்றுக்கு இரண்டு கிழமைத் தவணை என்று வைத்தால் வருடத்துக்கு 26. இன்றோடு ஒன்றும் சேர்க்காமல் விட்டால்கூட முடிய இருபத்துமூன்று வருடம். உனக்கு ஐம்பது வயதாகிவிடும். நீ சேர்க்காமல் விடமாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும்.

அதற்காகப் பயப்படத் தேவையில்லை. யாழ்ப்பாண நூலகத்தை 1981இல் எரித்தபோது அதில் 97,000 புத்தகம் இருந்தது. அப்பா அங்கே உறுப்பினர். அவர் எத்தனை வாசித்திருப்பார்? ஆயிரம்கூட இருக்காது. ஆனால் அவர் தான் வாசித்த ஆயிரத்துக்காக மட்டும் அழவில்லை. வாசிக்காமல் இருந்ததும் தன்னுடையது என்றுதான் நினைத்தார். அங்கே இருந்து எடுத்து வந்த இரண்டு புத்தகம் திருப்பிக் கொடுக்க இடமில்லாமல் றங்குப்பெட்டியில் இருந்தது உனக்குத் தெரியும். தவணைத் திகதித் தாளை அவர் கிழிக்கவே விடவில்லை. அந்தப் பெட்டி எங்கே நின்றுபோனது என்பதும் உனக்குத் தெரியும்.

அதனால் வாசிக்காமல் கிடக்கிற புத்தகத்தைக் கடன் மாதிரி நினைக்காதே. அது வளவில் நிற்கிற மரம் மாதிரி நிற்கட்டும். ஆனால் வளவையும் இடைக்கிடை துப்பரவாக்க வேண்டும். நூலகங்களுக்கென்று இரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து விதியை உனக்குச் சின்ன வயதிலேயே பாடமாக்கித் தந்திருக்கிறேன். சீர்காழியில் பிறந்த மனிதர், கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்து நூலகத்துக்கு வந்தவர். நூலகம் ஒரு வளரும் உயிர் என்பது ஐந்தாவது விதி. வளர்கிற உயிர் புதியதை எடுக்கும், பழையதைக் கழிக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். எங்கள் நூலகத்தில் வருடக் கணக்கெடுப்பு வரும்போது தாளில் பல வருடமாகத் திகதி முத்திரை விழாத புத்தகத்தை வெளியே எடுத்து வைப்போம். உனக்கு அழுகை வரும். "அம்மா, இதை நான் வாசிக்கிறேன்" என்று ஒவ்வொன்றாகத் திரும்ப இறாக்கையில் வைப்பாய். மழைக்காலத்தில் சாக்குப் போட்டு மூடிய அந்த இறாக்கை முழுவதையும் பதின்மூன்று வயதில் வாசித்து முடித்த பிள்ளை நீ. இன்றைக்கும் நூலகத்துக்கு வருகிறவர்கள் உன்னைக் கேட்பார்கள். எனக்கு நெஞ்சு நிறையும்.

உன் பட்டியலில் உள்ளதை வகைப்படுத்திப் பார்த்தேன். வேறு என்ன செய்ய, எனக்குத் தெரிந்தது அதுதான். புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து இலக்கம் போடுகிற டூயி பகுப்பில் பென்சிலால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் இலக்கம் போட்டேன். 800இல் அரைவாசி, இலக்கியம்தானே, நல்லது. 900இல் நிறைய, எல்லாம் யுத்தமும் நாடு விட்டவர்களும். ஈழத்துப் பழைய சஞ்சிகைகள், அச்சில் இல்லாத புத்தகங்கள் என்று கொஞ்சம் எழுதியிருக்கிறாய். அவற்றைக் கடையில் தேடி அக்கா அலையத் தேவையில்லை. 2005இல் தொடங்கிய "நூலகம்" என்ற இணையத்தளத்தில் அந்த மாதிரிப் பழையவை நிறைய ஏற்றியிருக்கிறார்கள், முதலில் அங்கே பார். காசும் மிச்சம்.

வைத்தியப் பகுதியான 616இல் பதினேழு இருக்கிறது. ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் 616.85இல்தான் போய் விழுகிறது. அது மனவருத்தங்களுக்கு உரிய இலக்கம் என்று நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த இடத்தில் பென்சிலை வைத்துவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணி வைத்தேன்.

சாப்பிடுகிறாயா தம்பி? சோறு சமைக்க நேரமில்லாவிட்டால் மா வறுத்து அனுப்பியது இருக்கும், புட்டு அவிக்கலாம். வெறும் பாணோடு இருக்காதே.

இங்கே செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் நிற்கிறது. குரங்கு தேங்காயைக் குரும்பையிலேயே பிடுங்கிப் போடுகிறது. பாலைப்பழம் வந்திருக்கிறது, ஒட்டுசுட்டான் பக்கம் வீதி ஓரம் விற்கிறார்கள். வாங்கி வந்து ஒன்றைத் தின்றேன், மிச்சத்தை அக்கா வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

பட்டியலில் இன்னொரு நிரல் இருக்கிறது. சேர்த்த நாளும் நேரமும். அக்கா அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். எல்லாம் இரண்டு ஐம்பது, மூன்று ஐந்து, மூன்று நாற்பது. பகல் என்று நினைத்தேன். பிறகு சின்னவள்தான் இது பகல் இல்லை அம்மம்மா, இரவு என்று காட்டினாள். மூன்று தரம் எழுதிய அந்தப் புத்தகத்தை மூன்று தரமும் ஒரே இரவில்தான் எழுதியிருக்கிறாய். தைக்குப் பிறகு சரி அடையாளம் ஒன்றுகூட இல்லை. வைகாசியில் மட்டும் 84 சேர்ந்திருக்கிறது. போன வைகாசியிலும் அப்படித்தான், அதற்கு முந்திய வைகாசியிலும்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. பட்டியல் எழுதுவதென்றால் பகலில் எழுது என்று மட்டும் சொல்கிறேன். இரவில் எழுதினால் எழுதியதே மறந்துபோகும், பிறகு திரும்ப எழுதுவாய். பகலில் எழுது. ஒரு நேரத்தில் ஒரு புத்தகம் மேசையில் இருக்கட்டும். இரண்டு கிழமையில் வாசிக்க மனம் வராவிட்டால் தூக்கி வை, உன்னிடம் யாரும் தண்டக் காசு கேட்கப் போவதில்லை. வாசகரின் நேரத்தைச் சேமி என்பது நாலாவது விதி. அதைப் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறவருக்குச் சொன்னதாகத்தான் இவ்வளவு காலமும் நினைத்தேன். வாசிக்கிறவரும் தன் நேரத்தைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் போல் இருக்கிறது.

தம்பி, இனி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூன்று நாளாகப் பேனையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தது இதற்காகத்தான்.

நீ இவ்வளவு வருடமும் வருகிற போகிற ஆட்களிடம் கொடுத்தனுப்பிய புத்தகம் இருபத்திரண்டு. எல்லாம் கண்ணாடி அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. அவற்றில் ஒன்றைக்கூட நான் முழுதாக வாசிக்கவில்லை. முன்னுரை வாசித்தேன், பின்னட்டை வாசித்தேன். "எப்படி இருந்தது அம்மா" என்று நீ கேட்கிறபோது அந்த இரண்டையும் சேர்த்து ஒரு பதில் சொன்னேன். நீ சந்தோசப்பட்டாய். பிறகு கண் தெரியவில்லை என்று சொன்னேன். கண் ஒப்பரேஷன் செய்த பிறகு ஊசியில் நூல் கோர்க்கிறேன் தம்பி, கண்ணில் ஒரு குறையும் இல்லை.

2009 யுத்தத்துக்குப் பிறகு என்னால் வாசிக்க முடியவில்லை. மீளக்குடியேறி வந்து நூலகத்தில் வேலை கிடைத்தபோது என்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அன்பளிப்புப் புத்தகம் பெட்டி பெட்டியாக வரும். ஆயிரக்கணக்கில் இலக்கம் போட்டேன், பதிவேட்டில் ஏற்றினேன், வருகிற பிள்ளைகளுக்கு எதை வாசிக்கலாம் என்று எடுத்துக் கொடுத்தேன். நான் மூன்றாம் பக்கம் தாண்டியதில்லை. முதல் பக்கத்தில் வந்த ஆள் யார் என்று மறந்துபோகும். வெளியே ஏதோ சத்தம் கேட்டது போல இருக்கும். எழும்பிப் போய் அணைந்த அடுப்பைப் பார்த்துவிட்டு வருவேன்.

அந்த இரவுகளில் நீ என்னோடு இருந்தாய். தகரக் கொட்டிலில் லாம்பை நடுவில் வைத்துக்கொண்டு நான் இலக்கம் சொல்ல நீ அட்டையில் எழுதுவாய். பன்னிரண்டு மணியாகும், ஒரு மணியாகும். தாயும் பிள்ளையும் புத்தகப் பைத்தியம் என்று பக்கத்து வளவில் சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அக்கா மட்டும் "அவனைப் படுக்க விடுங்கோ அம்மா" என்று சொல்லுவாள், அவளை நான் ஏசினேன்.

நித்திரை வராத பிள்ளைக்கு நான் வேலை கொடுத்தேன். எனக்கு ஆள்துணை வேண்டியிருந்தது. பக்கத்தில் படுக்கவைத்துத் தலையைத் தடவி, "என்னடா ராசா நினைக்கிறாய்" என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். நீ பதில் சொல்லிவிடுவாயோ என்று பயந்து கேட்கவில்லை. அப்பாவைப் பற்றி நீயும் நானும் இதுவரை ஒரு வார்த்தை கதைத்ததில்லை. 894 என்று நான் சொல்வேன், நீ எழுதுவாய். இரவில் முழித்திருந்து புத்தகத்தை நிரைப்படுத்துகிற பழக்கம் உனக்கு என்னிடம் இருந்துதான் வந்தது. உன் பட்டியலில் அந்த நேரங்களைப் பார்த்தபோது அதுதான் என்னைப் பிடித்து உலுப்பியது.

போன ஆவணியில் இருந்து நான் கிளினிக்குக்குப் போகிறேன். பிரஷர் கிளினிக் என்று அக்காவுக்குச் சொல்லியிருக்கிறேன். அது பிரஷருக்கு இல்லை. அங்கே இருக்கிற டொக்டர் பிள்ளைக்கு உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். முதல் நாள் ஒன்றும் கேட்காமல் இருந்தாள். இரண்டாம் நாள் நான் றங்குப்பெட்டியைப் பற்றிச் சொன்னேன். மூன்றாம் நாள் அப்பாவைப் பற்றி. அவள் அவசரப்படுத்தவே இல்லை. ஒரு குளிசை தந்திருக்கிறாள், அரைவாசிதான் போடுவது. இப்போது நித்திரை வருகிறது, எல்லா நாளும் இல்லை. உங்கள் ஊரிலும் அப்படி ஆட்கள் இருப்பார்கள். தமிழ் கதைக்கிறவர்களும் இருக்கக்கூடும். போ என்று நான் சொல்லவில்லை. நான் போகிறேன் என்று உனக்குச் சொல்கிறேன்.

நீ முதன்முதல் அனுப்பிய புத்தகத்தைச் சித்திரையில் எடுத்தேன். ஒரு நாளைக்கு நாலு பக்கம், அதற்கு மேல் முடியவில்லை. வைகாசியில் அப்பாவின் திவசம், பிறகு வற்றாப்பளைப் பொங்கல் என்று விட்டுப்போனது. இந்த முறை கடல் தண்ணீரில் எரிகிற உப்புநீர் விளக்குப் பார்க்கக் காட்டு விநாயகருக்குப் போய்க் கடைசிவரைக்கும் நின்றேன், உனக்காகக் கச்சானும் வாங்கினேன். திரும்ப வந்து தொடங்கி இப்போது அறுபத்தொராம் பக்கம். அந்தப் பெரியவரின் மகள் திரும்பி வருவாளா இல்லையா என்று தெரியவில்லை. நீ சொல்லாதே.

பட்டியலை உனக்குத் திருப்பி அனுப்பவில்லை, என்னிடமே இருக்கட்டும். இரண்டு தரம் எழுதியதை மட்டும் வெட்டியிருக்கிறேன். மிச்சத்தில் எது நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்று நீயும் நானும் சேர்ந்து பார்க்கலாம், ஒவ்வொன்றாக, முன்பு கணக்கெடுப்புக்குப் பார்த்த மாதிரி. ஒரு நாளைக்கு ஐந்து பார்த்தால் போதும். நீ அழுதாலும் பரவாயில்லை, இந்த முறை நான் அவசரப்படுத்த மாட்டேன்.

சின்னவளிடம் நேரம் கேட்டேன். அங்கே இரவு மூன்று மணி என்றால் இங்கே பகல் பன்னிரண்டரை. சமையல் முடிந்துவிடும். நான் மாமரத்துக்குக் கீழே கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பேன், போன் மடியில் இருக்கும். பனிக்காலத்தில் ஒன்றரை ஆகுமாம், அப்போதும் அங்கேதான் இருப்பேன். கதைக்க மனமில்லாவிட்டால் எடுத்துவிட்டுச் சும்மா இரு. கிளினிக் விசயம் அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.

அன்புடன்,
அம்மா