‘ஆய்வுகள் தெரிவிக்கின்றன’ – எந்த ஆய்வுகள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் குடல்நலம் பற்றி வந்த கட்டுரையை ஆர்வமாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது பத்தியில், “நம் உடலில் உள்ள செல்களைப் போலப் பத்து மடங்கு பாக்டீரியாக்கள் நமக்குள் வாழ்வதாக ஆய்வுகள் தெரிவிக்கின்றன” என்ற வரி வந்தது. அங்கேயே நின்றுவிட்டேன். எந்த ஆய்வுகள்? யார் எண்ணிப் பார்த்தார்கள்? கடைசி வரி வரைக்கும் பதில் இல்லை.

நான் உயிரியல் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றின் நூலகத்தில் 29 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மேசைக்கு வந்து நிற்கிற எல்லோரிடமும் நான் கேட்டது ஒரே கேள்விதான்: “இதை எங்கே பார்த்தீங்க?” பழக்கம் இன்னும் விடவில்லை. வீட்டில் இதை வியாதி என்கிறார்கள்.

இந்தப் பத்து மடங்குக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1972இல் லக்கி என்ற அறிவியலாளர் தன் கட்டுரையொன்றில் போகிற போக்கில் ஒரு கணக்குப் போட்டார். குடலுக்குள் இருக்கிற பொருளில் ஒரு கிராமுக்குப் பத்தாயிரம் கோடி பாக்டீரியா. மொத்தம் ஒரு கிலோ இருக்கும் என்று வைத்துக்கொண்டால் நூறு லட்சம் கோடி. சில ஆண்டுகள் கழித்து இன்னொருவர் இதை எடுத்து, மனித செல்கள் பத்து லட்சம் கோடி என்ற வேறொரு மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். வகுத்தால் பத்து. பிறந்தது பொன்மொழி! அந்த அடர்த்தியில் பாக்டீரியா இருப்பது பெருங்குடலில்தான், அங்கே உள்ள பொருள் அரைக் கிலோவுக்கும் குறைவு என்பதை நாற்பது ஆண்டுகளாகப் பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. பாடப்புத்தகம் எழுதியவர்களும் எழுதினார்கள், பெரிய ஆய்விதழ்களில் எழுதியவர்களும் எழுதினார்கள்.

2016இல் சென்டர், ஃபுக்ஸ், மிலோ ஆகிய மூவரும் ‘பிளாஸ் பயாலஜி’ இதழில் புதிதாகக் கணக்குப் போட்டார்கள். 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி, மனித செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. மனித செல்களிலும் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் சிவப்பணுக்கள். ஆக மொத்தம், கிட்டத்தட்ட சரிக்குச் சரி. இந்தக் கட்டுரையைக் காசு கொடுக்காமல் யாரும் படிக்கலாம். உங்கள் கட்டுரையாளரும் படித்திருக்கலாம்.

பூர்வீகம் தேடுவதற்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். ஒரு கட்டுரை யாரைச் சுட்டுகிறதோ அங்கே போக வேண்டும். அவர் யாரைச் சுட்டுகிறாரோ அங்கேயும் போக வேண்டும். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி விட்டுத் துழாவுகிற மாதிரி, அடி தட்டும்வரை கயிற்றை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பாதிக் கிணற்றில் கயிற்றை இழுத்துக் கட்டிவிடுவதுதான் நம்மில் பலர் செய்வது.

அப்படிச் செய்ததில் நடந்த பெரிய விபரீதம், வேடிக்கை என்னவென்றால், ஆசிரியருக்கு எழுதிய ஒரு கடிதத்தில் தொடங்கியது. 1980 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழுக்குப் போர்ட்டர், ஜிக் என்ற இருவர் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் போட்டார்கள். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றபோது ஓபியம் வகை வலிநிவாரணி கொடுக்கப்பட்ட 11,882 பேரில், ஏற்கெனவே போதைப் பழக்கம் இல்லாமல் புதிதாக அடிமையானதாகப் பதிவானவர்கள் நான்கே பேர் என்பது சாரம். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது மருத்துவமனைப் படுக்கையில், மேற்பார்வையில் கொடுத்த மருந்து. வீட்டுக்கு எடுத்துப்போய் மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களைப் பற்றி அந்த ஐந்து வாக்கியத்தில் ஒரு சொல்கூடக் கிடையாது. பின்னால் வந்தவர்கள் ‘இந்த மருந்துக்கு அடிமையாவது அபூர்வம்’ என்பதற்கு இதையே சான்றாகக் காட்டினார்கள். 2017இல் எண்ணிப் பார்த்தபோது இந்தக் கடிதத்தைச் சுட்டியவை 608. அவற்றில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை, இது மருத்துவமனை நோயாளிகளைப் பற்றியது என்பதையே சொல்லவில்லை. இன்று அந்த இதழின் தளத்தில் அந்தக் கடிதத்தோடு ஓர் எச்சரிக்கைக் குறிப்பும் இருக்கிறது. அதற்குள் அமெரிக்காவில் இந்த வகை மருந்துகளுக்கு அடிமையாகி எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அத்தனைக்கும் இந்தக் கடிதமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மருந்து விற்றவர்களுக்கு அது கையில் ஒரு சீட்டாக இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

நான் ஓய்வு பெறும் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி மாணவி 42 மேற்கோள்கள் கொண்ட பட்டியலைக் கொண்டுவந்தார். ஒன்று மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை, எடுத்துத் தர முடியுமா என்றார். ஆசிரியர் பெயர் நிஜம், அவர் அந்தத் துறையில் பெரிய ஆள். ஆய்விதழும் நிஜம், ஆண்டும் தொகுதி எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்தின. பைண்டு செய்த தொகுதியை அலமாரியிலிருந்து இறக்கி 211ஆம் பக்கத்தைப் புரட்டினேன். அங்கே வேறு யாரோ எழுதிய ஈஸ்ட் பற்றிய கட்டுரையின் நட்ட நடு. பக்கத்தின் பாதியை ஒரு கறுப்பு வெள்ளைப் படம் அடைத்துக்கொண்டிருந்தது. மாணவி கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தாழ்ந்த குரலில், “சார், இந்த லிஸ்ட்ல கொஞ்சம் சாட்பாட்ல எடுத்தது” என்றார். மற்ற 41ஐயும் அன்று மாலைக்குள் இருவருமாகச் சரிபார்த்தோம். இன்னும் மூன்று ஆவிகள், அதாவது இல்லவே இல்லாத கட்டுரைகள், சிக்கின.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேடுவது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பப்மெட்டில் இருக்கிறது என்றாலே நம்பலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பப்மெட் என்பது கோடிக்கணக்கான கட்டுரைகளுக்கான அட்டவணை. அதில் தங்கமும் இருக்கும், தகரமும் இருக்கும். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு, 12 குழந்தைகளை வைத்து 1998இல் ‘லான்செட்’ இதழில் வந்த கட்டுரைகூட அங்கே இருக்கிறது. 2010இல் அது திரும்பப் பெறப்பட்டது. அந்தத் தகவல் கட்டுரையின் தலைமேலேயே கொட்டை எழுத்தில் இருக்கிறது. பார்க்கிறவர்களுக்குத்தான் அது தெரியும். வேறெங்கோ படித்ததை அப்படியே நகல் எடுத்து ஒட்டுகிறவர்களுக்குத் தெரியாது. புரதங்களுக்கான யூனிப்ராட் தளத்திலும் இதே கதைதான். ஒரு பகுதியை நிபுணர்கள் உட்கார்ந்து படித்துச் சரிபார்த்திருக்கிறார்கள். அதைப் போலப் பல மடங்கு பெரிய இன்னொரு பகுதியைக் கணினி தானாக நிரப்பியிருக்கிறது. எது எதுவென்று ஒவ்வொரு பதிவிலும் குறித்தே வைத்திருக்கிறார்கள். அந்தக் குறியைப் பார்க்காமல் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கும் போலி ஆய்விதழ்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். அடுத்தவர் கட்டுரையைத் திருடி, பிடிபடாமல் இருக்க மென்பொருளை விட்டுச் சொற்களை மாற்றி அனுப்புகிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்கான ஆங்கிலச் சொல் ‘பிரெஸ்ட் கேன்சர்’. அது ‘பூசம் பெரில்’ ஆகி, அதாவது ‘நெஞ்சகத்து ஆபத்து’ ஆகி, அச்சேறியிருக்கிறது. சக அறிஞர்கள் படித்துச் சரிபார்த்ததாகச் சொல்லும் இதழ்களிலேயே! யாராவது ஒரு தடவை வாய்விட்டுப் படித்திருந்தால்கூட நின்றிருக்கும்.

என் கோரிக்கைக்கு வருகிறேன். அறிவியல் செய்தி எதுவானாலும் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி போடுங்கள்: கட்டுரையின் தலைப்பு, ஆய்விதழ், ஆண்டு, டி.ஓ.ஐ. எனப்படும் அதன் நிரந்தர அடையாள எண். இன்னொரு வரி: சோதனை எலியிலா, மனிதரிலா, கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லிலா, எத்தனை பேரிடம், யார் பணத்தில். சக அறிஞர் மதிப்பாய்வுக்குப் போகாத பிரீபிரிண்ட் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். பிரீபிரிண்ட் என்பதாலேயே அது தப்பாகிவிடாது. நான் மேலே சொன்ன பாக்டீரியாக் கணக்கும் முதலில் அப்படித்தான் வெளிவந்தது. இடமில்லை என்று உதவி ஆசிரியர் சொல்வார். சென்ற வாரக் கட்டுரையோடு போட்டிருந்த, தட்டு நிறையப் பழங்கள் இருக்கும் படத்தில் கால்வாசியைக் குறைத்தாலே இடம் கிடைக்கும்.

பத்து மடங்குக்குத் திருத்தம் வெளியிடுவீர்கள் என்று நம்புகிறேன். நான் எழுதியிருக்கும் எண்களையும் அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட வேண்டாம். பப்மெட் தேடல் பெட்டியில் சென்டர், ஃபுக்ஸ், மிலோ, 2016 என்று ஆங்கிலத்தில் தட்டச் சொல்லுங்கள். அங்கே இருக்கும் இணைப்பைச் சொடுக்கினால் முழுக் கட்டுரையும் திறக்கும். 38, 30 இரண்டும் சுருக்கத்திலேயே இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நூலகர் ஒருவர்
(பெயர் வெளியிட வேண்டாம்)