தாத்தாவுக்கு இருட்டில் பயமாக இருக்காதா?

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி போனில் உன் குரலில் பாதி கோபம், பாதி திகைப்பு. அப்பா போய் இருபது நாள்கூட ஆகவில்லை. விளக்கை அணைக்கப் போகும்போது பாப்பா கேட்டாளாம், "தாத்தாவுக்கு இருட்டுல பயமா இருக்காதா?" என்று. கடவுள், சொர்க்கம், ஆவி என்று எந்தப் பேச்சும் அவள் காதில் விழாமல் ஐந்து வருஷமாகக் காவல் காத்தவன் நீ. "யாருக்கா இதைச் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டபோது சந்தேகம் என் மேல்தான் என்று புரிந்தது. நான் இல்லை. அநேகமாக யாருமே இல்லை.

2004இல் ஜெஸ்ஸி பெரிங், டேவிட் பியோர்க்லண்ட் என்ற உளவியலாளர்கள் குழந்தைகளுக்கு ஒரு பொம்மலாட்டம் காட்டினார்கள். குட்டி எலி ஒன்றை முதலை தின்றுவிடுகிறது. அப்புறம் கேள்விகள்: எலிக்கு இனி பசிக்குமா? மூளை வேலை செய்யுமா? அம்மா மேல் இன்னும் ஆசை இருக்குமா? உடம்பு சம்பந்தப்பட்டதெல்லாம் நின்றுபோகும் என்பதை ஓரளவு ஒப்புக்கொண்ட பிள்ளைகள்கூட, அந்த ஆசையை மட்டும் எலியிடமிருந்து பிடுங்க மனம் வராமல் இருந்தார்கள். வயது கூடக் கூட அந்தப் பதில் குறைந்தது. பிறர் சொல்லிக் கொடுத்து வருவதாக இருந்தால், வயதோடு அது வளர்ந்திருக்க வேண்டும் இல்லையா?

இதில் மாயம் ஒன்றும் இல்லை. கண்ணில் படாத ஆள் காணாமல் போய்விடவில்லை, அடுத்த அறையில் ஏதோ நினைத்துக்கொண்டு இருக்கிறார் என்பது குழந்தை முதலில் பழகிக்கொள்ளும் விஷயங்களில் ஒன்று. சாவு வந்தாலும் அந்தப் பழக்கம் உடனே நிற்பதில்லை. பசி இல்லாத தாத்தாவை அவளால் நினைத்துப் பார்க்க முடிகிறது. நினைப்பே இல்லாத தாத்தாவை முடியவில்லை. முந்தாநாள் அப்பாவின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வைக்கும்போது, கண்ணாடிப் பக்கம் கீழே பட்டால் திட்டுவாரே என்று திருப்பி வைத்தேன். எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஆனால் இதை வைத்து 'பக்தி ரத்தத்திலேயே இருக்கிறது' என்று யாராவது கொடி பிடித்தால், அவர்களோடும் எனக்குச் சண்டைதான். பால் ஹாரிஸும் மார்த்தா ஹிமெனெஸும் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஸ்பெயினில், தாத்தா பாட்டி சாவைப் பற்றிய கதையை 7 வயதுப் பிள்ளைகளுக்கும் 11 வயதுப் பிள்ளைகளுக்கும் சொன்னார்கள். ஒரு கதையில் மருத்துவர் வந்து பேசுகிறார், இன்னொன்றில் பாதிரியார். பாதிரியார் வந்த கதையைக் கேட்ட பிறகுதான் 'இன்னும் இருக்கிறார்' என்ற பதில் அதிகம் வந்தது. அதையும் பெரிய பிள்ளைகளே அதிகம் சொன்னார்கள். எலிக் கதைக்கு நேர் எதிர்! அப்படியென்றால் பாப்பாவிடம் இருப்பது ஒன்று, 11 வயதில் சேர்வது வேறொன்று. இரண்டுக்கும் நம்பிக்கை என்று ஒரே பெயர் வைத்துவிட்டுத்தான் நாம் அடித்துக்கொள்கிறோம்.

அந்த முதல் பொருளும் எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி வருவதில்லை போலிருக்கிறது. இப்போதைய பப்புவா நியூ கினியில், மானுஸ் மக்களிடையே 1920களின் கடைசியில் போய்த் தங்கினார் மானுடவியலாளர் மார்கரெட் மீட். அங்கே பெரியவர்களின் அன்றாடம் முழுக்க ஆவிகள். பிள்ளைகளோ படு யதார்த்தம். படகு மிதந்து போய்விட்டால், கயிற்றைக் கட்டியவனுக்குச் சரியாகக் கட்டத் தெரியவில்லை என்பார்கள், அவ்வளவுதான். எனக்கு ரொம்பப் பிடித்த எதிர்ச்சாட்சி இது.

பெயரும் கதையும் வெளியிலிருந்துதான் வருகின்றன, அதில் சந்தேகமே வேண்டாம். கேத்லீன் காரிவோவின் குழு 5, 6 வயதுப் பிள்ளைகளிடம் மதக் கதைகளைச் சொல்லி, அதில் வருகிறவர் நிஜமா கற்பனையா என்று கேட்டது. மதச் சூழலில் வளர்ந்தவர்கள் நிஜம் என்றார்கள், மற்றவர்கள் கட்டுக்கதை என்றார்கள். ஆக, உன் ஐந்து வருஷக் காவல் வீணும் இல்லை. இரண்டாவது பொருளை அது தடுத்திருக்கிறது. முதலாவதைத் தடுக்க எந்தக் காவலாலும் ஆகாது. ஆக வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. தாத்தா மேல் இருக்கிற பிரியம்தானே அப்படிக் கேட்க வைக்கிறது?

நீ அவளிடம் "தாத்தா இப்ப எங்கேயும் இல்லை" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாயாமே. சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவள் கேட்டது எங்கே என்று இல்லையேடா, பயமா என்றுதானே?

இன்றைக்கும் கேட்டால் போனை அவளிடம் கொடு. கரண்ட் போன ராத்திரிகளில் நாம் இரண்டு பேரும் அலறுவோமே, அப்போதெல்லாம் அப்பா தடவித் தடவி வந்து நடுவில் படுத்துக்கொள்வாரே, அதைச் சொல்கிறேன். "உங்க தாத்தாவுக்கு இருட்டுன்னா துளிகூடப் பயம் இருந்ததில்லைடா கண்ணு. பயமெல்லாம் உங்க அப்பாவுக்குத்தான்."

உன் அக்கா