குதிகால் முதலில் பதியட்டும்

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய பணமும் அம்மாவின் மாத்திரைகளும் வந்து சேர்ந்தன. தொலைபேசியில் காலைப் பற்றிக் கேட்டால், "நல்லா இருக்கேன்ப்பா, வலியே இல்லை" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய். அதனால் கேட்க வேண்டியதை எழுத்தில் கேட்கிறேன்.

பெரியப்பா வீட்டுக் காதணி விழாவில் நீ மண்டபத்து வாசலிலிருந்து பந்தி வரைக்கும் நடந்து போனதைப் பின்னால் வந்துகொண்டே பார்த்தேன். கபடியில் முழங்கால் நார் அறுந்து அறுவை செய்த கால் என்றே தெரியவில்லை என்று சித்தி மகிழ்ந்து போனாள். எனக்குத் தெரிந்தது, அம்மா. இடது பாதம் தரையைத் தொடும்போது முழங்கால் முழுதாக நீளவில்லை. குதிகால் முதலில் பதியாமல் பாதம் தட்டையாக விழுகிறது. அந்தக் காலில் உடல் நிற்கும் நேரமும் வலது காலில் நிற்பதைவிடக் குறைவு. படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்து, வலது காலுக்கே வேலையைக் கொடுத்தாய். மைதானத்தில் பிள்ளைகளின் கால்களைப் பார்த்தே பணிக்காலம் முழுவதையும் கழித்தவனிடம் இதை மறைக்க முடியாது.

இயல்பாக நடக்கும்போது குதிகால் பதியும் நொடியில் முழங்கால் ஏறக்குறைய நேராக இருக்கும். உடல் எடை அதன்மேல் வந்ததும் சுமார் 15 முதல் 20 டிகிரி வரை மடங்கி அதிர்வை வாங்கிக்கொண்டு, மறுபடி நீண்டு, பிறகு காலை வீசும்போது 60 டிகிரி அளவுக்கு மடங்கும். உன் முழங்கால் இதில் எதையும் முழுதாகச் செய்வதில்லை. கொஞ்சம் மடங்கிய நிலையிலேயே விறைத்துக்கொண்டு வருகிறது. இது உன் சோம்பல் அல்ல என்பதையும் நான் அறிவேன். மூட்டில் வீக்கமும் நீரும் இருக்கும்வரை முன்தொடைத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளையையே உடல் தணித்துவிடும். நாம் எவ்வளவு முயன்றாலும் தசை முழு வலுவோடு இறுகாது. வீக்கம் வடிந்த பிறகும் உடல் அந்த நடையையே பழக்கமாக வைத்துக்கொள்கிறது, பல பேருக்கு ஓராண்டுக்கு மேலும். வலி போனதும் நடை தானாகத் திரும்பிவிடும் என்று நீ நினைத்தால் அது தவறு. வலி ஒன்று, நடை வேறு.

உன் சின்ன மாமாவைச் சொல்லத் தேவையில்லை. அவர் பேருந்துப் படியில் எந்தக் காலை முதலில் வைக்கிறார் என்று நீயே பார்த்திருக்கிறாய். முழங்கால் கடைசி ஐந்து டிகிரி நீளாமல் போனால்கூட முட்டிச் சிப்பிக்குப் பின்னால் வலி வரும், முன்தொடை மெலியும். காலைப் பத்திரமாக வைத்துக்கொள்வதாக எண்ணி எடையைக் குறைத்து ஊன்றுவதும் நல்லதல்ல. அறுவைக்குப் பின் ஆறாம் மாதத்தில் அந்த மூட்டில் குறைவான சுமையோடு நடந்தவர்களிடமே ஐந்து ஆண்டுகள் கழித்துத் தேய்மானம் தென்பட்டது என்று ஓர் ஆய்வு உண்டு. உனக்கு இப்போது ஐந்தாம் மாதம் நடக்கிறது.

சுருட்டிய துண்டின் மேல் குதிகாலை வைத்து, முழங்காலின் பின்பக்கம் தொங்கும்படி நீட்டிப் பத்து நிமிடம் வைக்கும் பயிற்சியை விட்டுவிட்டாயா? இங்கே இருந்தவரை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வைத்தாள். கட்டிலில் குப்புறப் படுத்துக் காலை விளிம்புக்கு வெளியே தொங்கவிடுவதையும் விடாதே. அறையில் வெறுங்காலோடு, மெதுவாக, குதிகால் பதிவதை உணர்ந்து நட. வேகமாக நடந்தால் குறை மறைந்துகொள்ளும். மெதுவாக நடந்தால்தான் தெரியும். குதிகால் முதலில் பதிய வேண்டும். அம்மா கொடுத்தனுப்பிய தையல் டேப்பால் சிப்பிக்கு மேலே 15 சென்டிமீட்டரில் இரண்டு தொடைகளையும் அளந்து எனக்கு எழுது.

பதினான்கு வயதில் மாவட்டப் போட்டியில் ஏழு பேர் நின்ற களத்துக்குள் நீ தனியாகப் பாடிப் போய்த் தொட்டு வந்ததை இந்த ஊர் இன்னும் பேசுகிறது. உன் பாதம் எங்கே விழும் என்று எந்தப் பிடி ஆட்டக்காரிக்கும் தெரியாது என்று நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்தக் காலை யாரும் பிடித்து முறிக்கவில்லை; போனஸ் கோட்டில் ஊன்றித் திரும்பியபோது, யார் கையும் படாமலே நார் அறுந்தது. அதனால்தான் சொல்கிறேன். மறுபடி அறுவதற்கும் யாரும் உன்னைத் தொட வேண்டியதில்லை. வலுவில்லாத தொடையோடு ஒருமுறை திரும்பினால் போதும்.

பின்தொடையிலிருந்து எடுத்து வைத்த புதிய நார், வைத்த நாளில் இருந்த வலுவோடு அப்படியே இருப்பதில்லை. முதல் மாதங்களில் உள்ளே செல்கள் மடிந்து, ரத்தக் குழாய்கள் புதிதாக ஊடுருவி, அது மெல்ல மெல்லத்தான் தசைநாராக மாறுகிறது. வலி விட்டுப்போகும் இரண்டாம், மூன்றாம் மாதமே அது மிக நலிந்திருக்கும் காலம், முழுதாகத் தேற ஓராண்டுக்கு மேலாகும். கொல்லையில் வைத்த ஒட்டு மாங்கன்றில் முதலில் வந்த பூவையெல்லாம் அம்மா கிள்ளி எறிந்தபோது நீ அழுதாய். அதே காரியத்தைத்தான் இப்போது உன்னிடம் கேட்கிறேன்.

உன் அலுவலக அணித் தேர்வு எந்த மாதம் என்று நான் கேட்கவில்லை. மாலையில் கபடி மேட் விரித்த களத்துக்குப் போகிறாயா என்றும் கேட்கவில்லை. உன் தோழி அம்மாவிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள். அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. விளையாட்டுக்காகக் கிடைத்த வேலை, விளையாடாமல் உட்கார்ந்தால் மேலே இருப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற அச்சம் உனக்கு இருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் மறுபடி ஆடத் தொடங்குவதை ஒன்பது மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி காயம் படுவது ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று நார்வேயிலும் அமெரிக்காவிலும் சேர்ந்து செய்து 2016-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஒன்பது மாதம் முடிந்தாலும் போதாது. இடது முன்தொடையின் வலு வலது தொடையின் வலுவில் 90 விழுக்காட்டையாவது எட்டியிருக்க வேண்டும், ஒற்றைக்கால் தாண்டலிலும் அப்படியே. தேர்வாளர்களுக்கு மருத்துவரின் கடிதம் வேண்டுமென்றால் நானே வந்து வாங்கித் தருகிறேன். உனக்கு அதில் கூச்சம் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை அறைத்தோழியிடம் கைபேசியைக் கொடுத்து, நீ நடப்பதைப் பக்கவாட்டிலிருந்து எடுத்து அனுப்பச் சொல். செருப்பு வேண்டாம், முழங்கால் தெரியும் உடை போட்டுக்கொள், படியில் இறங்குவதும் அதில் இருக்கட்டும். அதைப் பார்த்த பிறகு, திங்கட்கிழமை பிசியோதெரபிஸ்டிடம் நான் பேசுகிறேன். அவருடைய எண் இன்னும் என்னிடம் இருக்கிறது. நீ போகாத நாட்களைப் பற்றி அவரிடம் கேட்கமாட்டேன்.

அன்புடன்,
அப்பா