தம்பிக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள தம்பி,

ஈஷூனிலிருந்து ஜூரோங் ஈஸ்டுக்கு ஒரே ரயில், மாறி ஏறக்கூட வேண்டாம். நீ வந்து ஆறு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. வேலை இருக்கும், தெரியும்.

சரி, உனக்கு வாய் வறள்கிறதே, அதற்கான பற்பசை விஷயம். நீ இங்கே விட்டுப்போன டியூபை அப்பாவின் பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தேன். சோடியம் லாரில் சல்ஃபேட் என்று எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறது. நுரைக்காகச் சேர்ப்பது. வறண்ட வாயில் அது எரிச்சல் கொடுக்கும். வேதியியல் படித்த பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ பட்டம் வாங்கிய படத்தைத்தான் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன். ஆனாலும் கடையில் நின்று டியூபின் பின்பக்கத்தைப் படிக்க உனக்குப் பொறுமை ஏது? அது இல்லாததாகப் பார்த்து வாங்கு. காட்டமான புதினாவும் வேண்டாம். ஜிங்க் சேர்ந்தது இருந்தால் நல்லது, வாடைக்குக் காரணமான கந்தக வாயுவை அது பிடித்துக்கொள்ளும்.

புளூரைடை மட்டும் விட்டுவிடாதே. எச்சில் குறைந்தால் பல் சீக்கிரம் சொத்தையாகும். அதன் அளவு 1,000 முதல் 1,500 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் அத்தனை பங்கு, இருக்க வேண்டும். விளக்கியதும் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதே. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் தொடவே தொடாதே, இன்னும் வறண்டுபோகும். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மென்றால் எச்சில் ஊறும். சிங்கப்பூரில் 1992-இல் சூயிங்கத்தைத் தடை செய்தார்களே, 2004-லிருந்து பல்லுக்கானதை மருந்தாளரிடம் கேட்டு வாங்கலாம். அந்த சல்ஃபேட் இல்லாத பற்பசைதான், மறக்காதே.

இதெல்லாம் மருந்துக்கடையில் கேட்டு வந்தது. பற்பசையை மாற்றினால் எரிச்சல்தான் குறையுமாம். வாய் வறள்வதற்கு மாத்திரைதான் காரணமாக இருக்கும் என்றார் அந்த மருந்தாளர் பெண்.

தம்பி, குளியலறையில் உன் பை திறந்திருந்தது. மாத்திரை அட்டையில் இருந்த பெயரை எழுதிக்கொண்டு போய்த்தான் கேட்டேன். மனசுக்குக் கொடுக்கிற மருந்து என்றார். கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு அத்தை, மாமா எல்லாரும் இருக்கும்போது, "வாய் நாறுதுடா, பல்லு விளக்குனியா இல்லையா?" என்று கேட்டேனே. கையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாய். தட்டில் முருங்கைக்காய்ச் சக்கை இரண்டு, பாதிச் சோறு. அதற்கு முன்னால் நான்கு தடவை நீ தண்ணீர் ஊற்றிக் குடித்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏன் என்று கேட்கவில்லை. நாக்கை நீட்டி எல்லார் முன்னாலும் உன்னைக் கூனிக் குறுக வைத்தேன். உன் பையைப் பார்த்ததும் தப்பு. அப்பா இருந்திருந்தால் என் வாயை அடக்கியிருப்பார்.

வாய் வறள்கிறது என்று மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே. மருத்துவரிடம் சொல், அளவையோ மருந்தையோ மாற்ற முடியுமா என்று பார்ப்பார். நீயாக நிறுத்தாதே, கண்ணு.

நான் சொன்ன பற்பசையில் இரண்டு டியூப் வாங்கினேன். ஒன்று உன் பிரஷ் பக்கத்தில் இருக்கிறது. வருகிற ஞாயிறு வேறு யாரையும் கூப்பிடவில்லை. குழம்பில் காரம் குறைத்து, ரசம் நிறைய வைக்கிறேன்.

அம்மா