மையம் பளிச்சென்று இருந்தால் போதுமா?

அன்புள்ள கயல்,

நீ பார்க்கும் விண்மீன் மண்டலத்தின் மையம் பளிச்சென்று இருக்கிறது, அதனால் அங்கே கருந்துளைதான் என்று எழுதிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. அந்த வெளிச்சம் மூன்று இடங்களிலிருந்து வரலாம்: கருந்துளையை நோக்கி விழும் வாயு, புதிதாகப் பிறந்த பெரிய விண்மீன்கள், வயதாகி உறை கழன்ற விண்மீன்களின் சூடான கரு. மூன்றுமே சுற்றியுள்ள வாயுவின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களை உருவி அயனியாக்கும். மூன்றிலும் நிறமாலையில் உமிழ்கோடுகள், அதாவது குறிப்பிட்ட அலைநீளங்களில் பளிச்சிடும் கோடுகள், தெரியும்.

முதல் ஆள்தான் பலசாலி. ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது நிறையில் 0.7 சதவீதம்தான் ஆற்றலாகும். கருந்துளையைச் சுற்றித் தட்டாகச் சுழன்று இறங்கும் வாயுவோ உராய்வில் கொதித்து சுமார் 10 சதவீதம் தரும். துளையின் சுழற்சியைப் பொறுத்து இது கூடும், குறையும். அந்தக் கணக்கில் ஆண்டுக்கு ஒரு சூரியன் எடையுள்ள வாயு விழுந்தாலே ஒன்றரை லட்சம் கோடி சூரியன்களின் வெளிச்சம்! ஒளிர்வது தட்டுதான், துளை இல்லை.

யார் என்று கண்டுபிடிக்க, பால்ட்வின், ஃபிலிப்ஸ், டெர்லெவிச் மூவரும் 1981இல் தந்த வரைபடமே இன்றும் கைகொடுக்கிறது. செம்பெயர்ச்சியை (பிரபஞ்சம் விரிவதால் அலைநீளம் நீண்டிருப்பதை) சரிசெய்துவிட்டு நான்கு கோடுகளை அள. எண்கள் எல்லாம் ஆங்ஸ்ட்ராம் என்ற அலைநீள அலகில்; வகுக்க வேண்டியது கோடுகளின் வெளிச்சத்தை. ஆக்ஸிஜன் 5007ஐ ஹைட்ரஜன் பீட்டா 4861ஆல் வகு. நைட்ரஜன் 6583ஐ ஹைட்ரஜன் ஆல்ஃபா 6563ஆல் வகு. இந்த இரண்டு விகிதங்களே வரைபடத்தின் இரண்டு அச்சுகள். ஒவ்வொரு ஜோடியும் பக்கத்துப் பக்கத்து அலைநீளம் என்பதால் தூசியின் தொல்லை கிட்டத்தட்ட விலகிவிடும். 5007 கோடு இரண்டு எலக்ட்ரான் இழந்த ஆக்ஸிஜனிலிருந்து வருவது; அந்த இரண்டாவது எலக்ட்ரானை உருவ 35 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். இளம் விண்மீன்களிடம் அவ்வளவு வலுவான ஒளி குறைவு. தட்டிலிருந்து எக்ஸ் கதிர் வரை வரும். முதல் விகிதம் 3க்கு மேலும் இரண்டாவது 0.6க்கு மேலும் இருந்தால் கருந்துளைமேல் சந்தேகப்படலாம். வரைபடத்தில் விண்மீன் பக்கத்தையும் கருந்துளைப் பக்கத்தையும் பிரிக்கும் எல்லைக்கோடுகளுக்கு நடுவே விழுவதைக் கலப்பு என்றே குறி. இழுத்துப் பிடித்து ஒரு பக்கம் தள்ளாதே.

புதியவர்கள் சறுக்கும் இடம் பீட்டா கோடு. விண்மீன்களின் வளிமண்டலம் ஒளியை விழுங்குவதால் வரும் உறிஞ்சுகோடு அதே இடத்தில் பள்ளம் போட்டிருக்கும். விண்மீன் ஒளிக்கு ஒரு கணக்கு மாதிரியைப் பொருத்திக் கழிக்காமல் அளந்தால் பீட்டா சுருங்கும், விகிதம் ஊதிவிடும், சாதாரண மண்டலத்துக்கும் கருந்துளைப் பட்டம் கிடைக்கும். அடுத்தது ஆல்ஃபாவின் மறுபக்கம் ஒட்டி நிற்கும் நைட்ரஜன் 6548. அது 6583இல் மூன்றில் ஒரு பங்குதான், அந்த விகிதத்தைப் பூட்டிவிட்டுப் பொருத்து. ஆல்ஃபாவுக்கு அகன்ற அடிப்பாகம் இருந்தால் அதைத் தனியாகப் போடு, இல்லாவிட்டால் அது நைட்ரஜனையும் சேர்த்து விழுங்கும்.

ஆல்ஃபாவின் சமான அகலம் (பின்னணி ஒளியோடு ஒப்பிட்ட கோட்டின் வலிமை) 3 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே என்றால் கிழட்டு விண்மீன்களே போதும். குறைந்த அயனியாக்கக் கோடுகள் காட்டுவதால் லைனர் என்று பெயர் வாங்கிய மங்கல் மையங்களில் பல இந்த ரகம் என்பது என் கட்சி. ஸ்லோன் வான் ஆய்வின் தொடக்க கால நிறமாலைகளில், ஒளியை அள்ளிய கண்ணாடி இழையின் அகலம் வானில் 3 விநாடிக் கோணம் (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு ஒரு விநாடி). செம்பெயர்ச்சி 0.1இல் அதற்குள் சுமார் 18,000 ஒளியாண்டு அடங்கிவிடும், அதை 'மையம்' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

துளைக்கு அருகே வாயு வேகமாகச் சுழல்வதால் கோடு அகலமாகும்; ஆனால் கோடு குறுகலாக இருக்கிறது என்பதற்காகக் கருந்துளையை விலக்கிவிடவும் கூடாது. என்ஜிசி 1068 என்ற விண்மீன் மண்டலத்தில் நேரடி ஒளியில் குறுகிய கோடுகள்தான். 1985இல் ஆன்டனூச்சியும் மில்லரும் முனைவாக்கப்பட்ட (ஒரே திசையில் அதிரும்) ஒளியில் பார்த்தபோது அகன்ற கோடுகள் தெரிந்தன. தூசி வளையம் மறைத்த தட்டருகு ஒளி, எலக்ட்ரான்களில் சிதறி நம் பக்கம் திரும்பியிருந்தது.

உன் நிறமாலையில் 4800 முதல் 5050 ஆங்ஸ்ட்ராம் வரை, விண்மீன் ஒளியைக் கழிப்பதற்கு முன்னும் பின்னும் இரண்டு படம் அனுப்பு. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா