ஐலுக் தீவின் மேல் பறந்த விமானம்: அமெரிக்க எரிசக்தித் துறைக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க எரிசக்தித் துறைப் பொறுப்பாளர்களுக்கும் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலின் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிகினி பவளத்தீவில் உங்கள் நாடு வெடித்த ‘பிராவோ’ ஹைட்ரஜன் குண்டைப் பற்றி உலகம் நிறையப் பேசியிருக்கிறது. 6 மெகாடன் அளவுக்கு எதிர்பார்த்தது 15 மெகாடனாக வெடித்ததும், அருகிலிருந்த ரோங்கலாப் தீவின் பிள்ளைகள் மேல் வெள்ளைச் சாம்பல் கொட்டியதும், ஜப்பானிய மீன்பிடிப் படகில் 23 பேர் பாதிக்கப்பட்டதும் எல்லோருக்கும் தெரியும். நான் கேட்க வந்தது அடுத்த சில நாட்களில் அந்தத் தீவுகளின் மேல் பறந்த விமானங்களைப் பற்றி.

உங்கள் துறைக்கு முன்னோடியான அணுசக்தி ஆணையத்தின் நியூயார்க் ஆய்வகம், கடற்படை விமானங்களில் காமா கதிர் அளக்கும் கருவிகளை வைத்து, தீவு தீவாக, சுமார் 200 அடி உயரத்தில் பறக்கவிட்டது. மேலே கிடைத்த அளவை ஒரு காரணியால் பெருக்கி, தரையில் நிற்பவர் மேல் எவ்வளவு கதிர் படும் என்று கணக்கிட்டார்கள். திறமையான வேலைதான், அதை நான் மறுக்கவில்லை. இன்னொரு தீவான ரோங்கரிக்கில் தரையில் வைத்திருந்த கருவியின் முள், வெடித்து ஏழெட்டு மணி நேரத்துக்குள் மணிக்கு 100 மில்லிராண்ட்ஜன் (ராண்ட்ஜன் என்பது கதிர்வீச்சின் அலகு) என்ற உச்சத்தைத் தொட்டு அதற்கு மேல் நகர வழியில்லாமல் நின்றுவிட்டது. அந்த நிலையில் விமானம் இல்லையென்றால், குண்டின் கதிரியக்கத் தூசுப் படிவு எதுவரை போனது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

தெரிந்த பிறகு என்ன செய்தீர்கள் என்பதுதான் என் கேள்வி. ரோங்கரிக்கில் இருந்த 28 அமெரிக்கர்களை மறுநாளே அழைத்துப் போனீர்கள். ரோங்கலாப் மக்களுக்கு மார்ச் 3 வரை கப்பல் வரவில்லை. உட்ரிக் மக்களுக்கு மார்ச் 4. உட்ரிக்குக்குத் தெற்கே சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கிறது ஐலுக். அங்கே ஏறக்குறைய 400 பேர் இருந்தார்கள். அங்கும் படிவு விழுந்திருப்பது உங்களுக்குத் தெரியும். மொத்தமாக 20 ராண்ட்ஜன் அளவுக்குக் கதிர் படக்கூடும் என்று மதிப்பிட்டீர்கள். 400 பேரை ஏற்றி இறக்கும் சிரமத்தை ஒரு தட்டிலும் அந்த எண்ணை மறு தட்டிலும் வைத்துப் பார்த்து, அவர்களை அங்கேயே விடுவது என்று முடிவெடுத்தீர்கள். உங்கள் அரசின் சொந்த வரலாற்று அறிக்கையே இதைப் பதிவு செய்திருக்கிறது. ஐலுக் மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

விமானத்தின் கருவிக்குத் தெரிந்தது காமா கதிர் மட்டும். தோலில் ஒட்டிய சாம்பலின் பீட்டா கதிர் அதில் பதியாது. மழைநீர்த் தொட்டியில் கரைந்த கதிரியக்க அயோடின் எவ்வளவு உடலுக்குள் போனது என்பதும் அதற்குத் தெரியாது. மார்ச் 11 அன்று ஆணையம் வெளியிட்ட செய்தியில் தீக்காயம் எதுவும் இல்லை, எல்லோரும் நலம் என்று இருந்தது. அதே மாதத்திலேயே ரோங்கலாப் மக்களுக்குத் தோல் புண்ணாகி முடி கொட்டியது. ஒன்பது ஆண்டுகள் கழித்துப் பிள்ளைகளின் கழுத்தில் தைராய்டு கட்டிகள் தெரிய ஆரம்பித்தன. பொட்டாசியம் குறைந்த பவள மண்ணில் தென்னை கதிரியக்கச் சீசியத்தை இழுத்துக்கொள்ளும், தேங்காய் நண்டு கதிரியக்க ஸ்ட்ரான்சியத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். இதெல்லாம் பிறகு உங்கள் விஞ்ஞானிகளே கண்டறிந்து சொன்னது. அப்படியானால், வானத்திலிருந்து எடுத்த ஒரு அளவை வைத்துத் தரையில் வாழ்ந்த மனிதர்களின் விதியை முடிவு செய்தது தவறு என்று ஒப்புக்கொள்ள இன்னும் என்ன தடை?

கடலின் கதை இன்னும் மோசம். தண்ணீரில் விழுந்த படிவு கலந்து கீழே இறங்கிவிடும், மேலே பறக்கும் கருவிக்கு அதில் பெரும்பகுதி தெரியாது. பிராவோவின் படிவு வரைபடத்தில் தீவுகளுக்கு நடுவே ஓடும் கோடுகள் பெரும்பாலும் ஊகம்தான். மீன் பிடித்து வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கடலும் ஊர்தான்.

மார்ஷல் தீவுகளோடு நீங்கள் செய்துகொண்டு 1986இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின் இழப்பீட்டுப் பகுதியில் பிகினி, எனிவெடாக், ரோங்கலாப், உட்ரிக் என்ற நான்கு பெயர்கள்தான் இருந்தன. உங்கள் துறையின் சிறப்பு மருத்துவத் திட்டம் ரோங்கலாப், உட்ரிக் மக்களுக்கு மட்டுமே. ஆனால் மக்கள் வாழ்ந்த எல்லாப் பவளத்தீவுகளுக்கும் ஓரளவு படிவு போய்ச் சேர்ந்தது என்று உங்கள் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வாளர்களே 2010இல் எழுதினார்கள். 1954இல் கப்பல் வராத தீவு என்பதற்காக இன்று மருத்துவமும் வராமல் போவது என்ன நியாயம்?

தொலைவில் இருக்கும் ஒரு தமிழனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பிராவோ வெடித்த அடுத்த மாதமே நேரு சோதனைகளை நிறுத்தி வைக்கச் சொன்னார். 1962இல் ராஜாஜி, அந்த வயதில் வாஷிங்டன் வரை வந்து, கென்னடியிடம் நேரில் அதையே வலியுறுத்தினார். அந்தக் குரல் எங்களிடம் இன்னும் இருக்கிறது.

நான் கேட்பது இரண்டு. ஐலுக்கில் அன்று இருந்தவர்களையும் அவர்களின் பிள்ளைகளையும் மருத்துவத் திட்டத்தில் சேருங்கள். 1978இல் ஹெலிகாப்டர் வைத்து வடக்குத் தீவுகளை அளந்தபோது, முடிவுகளை மார்ஷல் மொழியிலும் அச்சிட்டுப் புத்தகமாகக் கொடுத்தீர்கள். 1954ஆம் ஆண்டு விமானப் பதிவுகளையும், எந்தத் தீவில் எந்த நாளில் என்ன அளவு, பெருக்கிய காரணி என்ன, ஐலுக் மக்களை அழைத்துப் போக வேண்டாம் என்று முடிவெடுத்தவர் யார் என்பது வரை, அதே மொழியில் அதே மக்களின் கையில் கொடுங்கள். ஐலுக்கிலிருந்து தொடங்குங்கள். அன்று அங்கே குழந்தைகளாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது.