செயலாளர் சார், அந்த ரெண்டரை மணி ஸ்லாட் எனக்கு வேண்டாம்

மார்கழி சீசனில் கர்நாடக சங்கீதக் கச்சேரி நடத்துகிற சென்னை சபாக்களின் செயலாளர்களுக்கு வணக்கம்.

ஆகஸ்ட் பிறந்ததும் உங்களில் ஒருவரிடமிருந்து போன் வந்தது. "டிசம்பர் 24, மத்தியானம் ரெண்டரை, வயலினுக்கு உன்னைப் போட்டிருக்கேம்மா, சரிதானே?" நானும் வழக்கம்போல டைரியைக்கூடப் புரட்டாமல் "சரி சார்" என்றேன். போனை வைத்த பிறகுதான் தெரிந்தது, அன்றைக்கே சாயங்காலம் ஆறு மணிக்கு தி.நகரில் வேறொரு கச்சேரியை ஒத்துக்கொண்டிருக்கிறேன் என்று. இதை அவருக்கு மட்டும் எழுதினால் திமிர் பிடித்தவள் என்று பெயர் வரும், அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

போன மார்கழியில் எனக்கு 23 நாளில் 27 கச்சேரி. பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இருபதாவதோ என்னவோ, பாடகர் தோடி ராக ஆலாபனையை முடித்துவிட்டு என் பக்கம் திரும்பித் தலையசைத்தார், வாசித்தேன், கைதட்டல்கூட வந்தது. ஆனால் அந்த ஐந்து நிமிஷமும் என் மண்டைக்குள் ஓடியது, வீட்டுக்குப் போனதும் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்ற வேண்டும் என்பதுதான். விரல்கள் பழகின தடத்திலேயே போய்த் திரும்பிவிட்டன, தோடியில் நான் இல்லவே இல்லை. சீசன் முடிந்து பிப்ரவரி பாதி வரைக்கும் வயலின் பெட்டியைத் திறக்கவில்லை. சாதகம், அதாவது வாசித்துப் பழகுவது, என்றாலே எரிச்சல். கிளாஸுக்கு வந்த குழந்தைகள்மேல் காரணமே இல்லாமல் கத்தினேன், அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் இந்த நிலையை 'பர்ன்அவுட்' என்ற பெயரில் விவரித்திருக்கிறது. நோயாக அல்ல, தீராத வேலை அழுத்தத்தால் வருவதாக. சக்தி வற்றிப்போவது, செய்கிற வேலையிலிருந்தே மனசு விலகிக் கசந்துபோவது, திறன் குறைவது, இந்த மூன்றும்தான் அடையாளமாம். படித்தபோது யாரோ என் பிப்ரவரி மாதத்தை எட்டிப் பார்த்து எழுதின மாதிரி இருந்தது.

ஓய்வு என்று வாயைத் திறந்தால் உங்களில் சிலர் உடனே "அந்தக் காலத்துல நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம் பாடினாங்களே" என்கிறீர்கள். பாடினார்கள், சரி. மத்தியானம் மயிலாப்பூரில் ஒன்றை முடித்து, லஸ்ஸிலும் பனகல் பார்க்கிலும் மெட்ரோ தோண்டிப் போட்ட பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் தி.நகர் போய், கழுத்து பிடித்துக்கொண்ட நிலையில் அன்றைக்கே இன்னொன்றுக்கு உட்கார்ந்தார்களா? அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக் கொடுத்தார் என்று நீங்களே மேடையில் புகழ்கிற கச்சேரி முறையைப் பாருங்கள். முதல் உருப்படியான வர்ணத்தில் கையும் தொண்டையும் சூடேறும், பெரிய உருப்படியில் உச்சிக்குப் போகும், மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனத்துக்குப் பிறகு துக்கடா என்கிற சின்ன உருப்படிகளில் மெல்ல இறங்கி மங்களத்தில் முடியும். ஒரு கச்சேரிக்குள் இவ்வளவு ஏற்ற இறக்கம் வைத்திருக்கிறோம். உங்கள் சீசனில் இறக்கமே கிடையாது. (தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் பாதி ஹால் கேன்டீனுக்கு எழுந்து போகிறது என்று எல்லோரும் திட்டுவார்கள். எனக்கோ தாளம் போட்டுக்கொண்டே வில்லைக் கீழே வைக்கக் கிடைக்கிற ஒரே நேரம் அதுதான்.)

தப்பு எங்கள் பேரிலும் இருக்கிறது, மறைக்கவில்லை. முடியாது என்று சொல்லப் பயம். ஒரு வருடம் காய்ச்சலில் கிடந்து ஒரு சபாவுக்கு வர முடியாது என்றேன், அப்புறம் மூன்று வருடம் அங்கிருந்து போனே வரவில்லை. பாடகருக்காவது தொண்டை கட்டினால் ஊருக்கே கேட்கும். மிருதங்கக்காரர் விரல் வெடித்துப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வாசிப்பதும், எனக்கு இடது தோளிலிருந்து முழங்கை வரை விண்விண்ணென்று தெறிப்பதும் முதல் வரிசைக்குக்கூடத் தெரியாது.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. பாடகரிடம் தேதி கேட்கும்போதே பக்கவாத்தியக்காரரிடமும் அன்றைக்கு வேறு கச்சேரி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள், இருந்தால் நீங்களே வேறு ஆளைப் போடுங்கள், அதற்காக அடுத்த வருடம் பெயரை அடித்துவிடாதீர்கள். கிரீன் ரூமில் பழைய நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிற மூலையைக் காலி செய்தால் ஒருவர் அரை மணி நேரம் முதுகைச் சாய்க்கலாம். அப்புறம் அந்தப் பொன்னாடை, பாராட்டுரை எல்லாம் கச்சேரி முடிந்த பிறகு இருக்கட்டுமே, நடுவில் இருபது நிமிஷம் சம்மணம் போட்டபடி சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது வாசிப்பதைவிடக் கஷ்டம்.

நானும் என் பக்கத்துக்கு ஒன்று செய்திருக்கிறேன். இந்த டிசம்பரில் திங்கட்கிழமைகளை எல்லாம் அடித்துவிட்டேன். அன்றைக்கு வாசிப்பும் கிடையாது, அடுத்தவர் கச்சேரி கேட்பதும் கிடையாது, பெசன்ட் நகர் கடற்கரையில் சும்மா நடக்கப் போகிறேன். மொத்தம் 15 கச்சேரிதான். வருமானம் குறையும், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஆக, 24ஆம் தேதி ரெண்டரை மணிக்கு நான் வரவில்லை சார். என்னைவிடச் சின்னவர்கள், அருமையாக வாசிக்கிற ரெண்டு பெண்களின் பெயரை அனுப்பி வைக்கிறேன், யாராவது ஒருவரைப் போடுங்கள். எனக்கு 27 காலை காலியாக இருக்கிறது. அன்றைக்கு ஸ்லாட் இருந்தால் சொல்லுங்கள், இந்தத் தடவை டைரியைப் பார்த்துவிட்டுத்தான் சரி என்பேன்.